கேரம் காய் மேல் யாளி: தம்பி வீட்டிலேயே செய்த பொம்மைப் போர் விளையாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் சித்தி வீட்டு மாடியறையில் பாய் விரித்து உட்கார்ந்து இரண்டு மணி நாற்பது நிமிடம் ஒரு போர் நடத்தினேன். எதிர்ப்படை சித்தி மகனுடையது. அந்த விளையாட்டே அவனுடையதுதான்: விதியை அவன் எழுதினான், பொம்மையை அவன் செய்தான், களத்துக்கு அவனே பெயின்ட் அடித்தான். கடையிலிருந்து பெட்டியாக வாங்கியது ஒன்றுகூட இல்லை. ஆட்டம் முடிந்து எழுந்ததும், "நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாதீங்கண்ணே, எது சரியில்லைன்னு எழுதுங்க" என்றான். காசு கொடுத்து வாங்கிய பொருளை எப்படிப் பார்ப்பேனோ அப்படியே பார்த்து எழுதியிருக்கிறேன்.

இந்த வகை விளையாட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. விரல் உயரப் பொம்மைகளை ஒரு பலகையில் இரண்டு படைகளாக நிறுத்துவார்கள். கட்டம் கிடையாது, அளவுகோல் வைத்து நகர்த்த வேண்டும். சண்டை வந்தால் பகடை முடிவு செய்யும். நிஜ வரலாற்றுப் போர்களையும் ஆடலாம், பூதம் பிசாசு என்று கற்பனைப் படைகளையும் ஆடலாம். வெளிநாடுகளில் இது பெரிய பொழுதுபோக்கு. இங்கே ஆடுகிறவர்கள் குறைவு, அதற்கு விலைதான் முதல் காரணம் என்பேன். வெளிநாட்டுப் பெட்டிகளை வைத்து ஒரு படை சேர்ப்பதற்குள் பல ஆயிரம் போய்விடும், பெயின்டும் பிரஷ்ஷும் அதற்கு மேல். நான் பத்து வருடமாக ஆசைப்பட்டு, இரண்டு பெட்டி வாங்கி, அதில் ஒன்றைப் பாதி மட்டும் வண்ணம் தீட்டி வைத்திருக்கிறேன். ஆடுவதற்கு ஆள் இல்லை.

தம்பி வேறு பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறான். வீட்டில் ஒரு பழைய கேரம் போர்டு இருந்தது, நடுவில் வளைந்துபோய் ஸ்ட்ரைக்கர் எங்கு அடித்தாலும் ஒரு மூலைக்கே ஓடும். இனி அதில் ஆட முடியாது. அதில் பச்சையும் காவியும் அடித்துக் களமாக்கிவிட்டான். கேரம் போர்டின் ஆடுபரப்பு சுமார் 74 சென்டிமீட்டர் சதுரம், சிறிய படைகள் மோத இது தாராளமான இடம். மூலைக் குழிகள் நான்கும் சுனைகள். சரி, களம் வந்துவிட்டது, பொம்மைக்கு அடிப்பீடம் வேண்டுமே என்று யோசித்தபோது அதே டப்பாவில் இருந்த காய்களைப் பார்த்திருக்கிறான். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று. ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிக அகலம், ஒரு பொம்மை நிற்க அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். வெள்ளைப் படைக்கு ஒன்பது காய், கறுப்புப் படைக்கு ஒன்பது காய், நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத சிவப்பு. படையின் அளவு எவ்வளவு, இரண்டு படையையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது, எதற்காகச் சண்டை என்ற மூன்று கேள்விக்கும் ஒரு கேரம் டப்பா பதில் சொல்லிவிட்டது. இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான், மற்ற எல்லாம் இதிலிருந்து கிளைத்ததாகவே தெரிகிறது.

பொம்மைகளுக்கு வருகிறேன். எம்-சீல் என்று நாம் பொதுவாகச் சொல்வோமே, குழாய் ஒழுகலை அடைக்கும் இரண்டு பாகப் புட்டி, அந்த வகைதான். எலும்புக்கூட்டுக்குக் கொத்தனார்கள் கம்பி கட்டப் பயன்படுத்தும் கட்டுக்கம்பி. கம்பியை ஆள் உருவத்தில் முறுக்கி, காயில் சிறு துளை போட்டு நட்டு, முதலில் மெல்லிசாக ஒரு சதை. அது இறுகிய மறுநாள் உடை, முகம், ஆயுதம். ஒரே உட்காருதலில் முழுப் பொம்மையையும் செய்யப் போனால் கையைச் செய்யும்போது கால் நசுங்கிவிடும் என்றான், நான் வீட்டில் செய்து பார்த்தபோது எனக்கும் அதேதான் நடந்தது. சிற்பிகள் இதற்கென்றே வாங்கும் பச்சைப் புட்டி இறுகிய பிறகும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், நம் சாம்பல் புட்டி கல் மாதிரி ஆகிவிடும். அதனால் மெல்லிய விரல், வாள் நுனி எல்லாம் ஒடியும். ஆனால் அரம் போட்டு ராவலாம், துளை போடலாம், பிளேடால் செதுக்கலாம். விலையோ மிகவும் குறைவு.

இரண்டு பாகமும் சரிசமமாக எடுத்து, நிறம் முழுக்க ஒன்றாகும்வரை பிசைய வேண்டும். தம்பியின் முதல் நான்கு வீரர்கள் ஒரு வாரமாகியும் பிசுபிசுவென்று இருந்தார்களாம், அவசரத்தில் சரியாகப் பிசையாததால் வந்தது அது, அந்த நான்கையும் பிய்த்துப் போட்டுவிட்டான். மதுரை வெயிலில் புட்டி சீக்கிரம் இறுகும். மே மாதத்தில் ஒரு முகம் செய்வதற்குள் மூக்கு வைக்க இடம் தராமல் கெட்டியாகிவிட்டது என்று சொன்னான், ஆகவே கொட்டைப்பாக்கு அளவுக்கு மேல் ஒரு முறை பிசைய வேண்டாம். விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் ஒட்டாது. இன்னொன்றைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: வெறுங்கையால் பிசையாதீர்கள். இந்தப் புட்டியில் இருக்கிற எபாக்சி என்ற பசை சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கொண்டுவரும், ஒரு தடவை வந்தால் பிறகு ஒவ்வொரு தடவையும் வரும். பத்து ரூபாய்க் கையுறை போதும். இறுகியதை ராவும்போது முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாப் பொம்மையும் புட்டியிலிருந்து பிறந்ததல்ல. வெள்ளைப் படையின் யாளிகள் இரண்டும் திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மிருகப் பாக்கெட்டிலிருந்து வந்தவை. சிங்கத்தின் உடம்பு, யானையின் தும்பிக்கையும் தந்தமும், ஒட்டிய இடத்தை மறைக்கப் புட்டியில் பிடரியும் சுருள் சுருளாக அலங்காரமும். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் வரிசையாக நிற்கும் யாளிகளைப் பல நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து செய்தவை, அந்த நெஞ்சு நிமிர்வு அப்படியே வந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் யாளியே அப்படிப்பட்ட உருவம்தான், ஒரு மிருகத்தின் தலையை இன்னொன்றின் உடம்பில் வைத்துப் பார்த்த ஒரு சிற்பியின் துணிச்சல் அது.

இந்த வேலையை மட்டமாக நினைக்க வேண்டாம். பொம்மைப் போர் உலகம் வளர்ந்ததே இப்படித்தான். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போருக்கு விதி எழுதிப் புத்தகமாகப் போட்டபோது ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குண்டு எய்து சிப்பாய்களை வீழ்த்துவதுதான் சண்டை, வீட்டுத் தரைதான் களம். அமெரிக்காவின் லேக் ஜெனிவா என்ற சிறு ஊரில் கேரி கைகேக்ஸும் ஜெஃப் பெரனும் 1971-இல் இடைக்காலப் போர்களுக்கு எழுதிய செயின்மெயில் விதிப் புத்தகத்தின் பின்பகுதியில் டிராகன், மந்திரவாதி என்று கற்பனைப் படைகள் வந்தன. அப்போது டிராகன் பொம்மையைக் கடையில் போய் வாங்க முடியாது, கைகேக்ஸ் ஒரு பிளாஸ்டிக் டைனோசரை மாற்றித்தான் டிராகன் செய்தார். பிறகு அவர்கள் ஆட்டங்களில் புகழ்பெற்ற சில விசித்திர மிருகங்கள்கூட மலிவான ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைப் பையிலிருந்து வந்தவை. தம்பிக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. தெரியாமலேயே அதே வழியில் போயிருக்கிறான், கேட்டதும் அவன் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கு மறக்காது.

மலைகள் சித்தி செய்தவை. பழைய செய்தித்தாளை ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு ஆட்டி, பாட்டி காலத்தில் கூடை செய்வார்களே அந்தக் காகிதக் கூழில். காய்ந்ததும் பஞ்சு மாதிரி எடையே இல்லை, ஆனால் உறுதி. இன்னொரு மலை விளாச்சேரியிலிருந்து வந்தது. கொலு பொம்மைக்கும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைக்கும் பேர்போன ஊர், மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சீசன் இல்லாத நேரத்தில் போனபோது விரல் உடைந்த ஒரு கும்பகர்ணனை மலிவாகக் கொடுத்திருக்கிறார்கள். படுத்துத் தூங்குகிற கும்பகர்ணன். களத்தின் ஒரு ஓரத்தில் அவன்தான் மலை. வில் வீரர்களை அவன் வயிற்றின் மேல் ஏற்றி நிறுத்தலாம். இதைவிட அழகான மலையை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

அப்புறம் விதிகள். நாலு பக்கம், கையெழுத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்தது, முழுக்கத் தமிழில். பகடை கிடையாது, தாயக்கட்டை. இது வெறும் ஊர்ப்பாசம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆடிப் பார்த்த பிறகு இதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று புரிந்தது. சாதாரணப் பகடையில் ஒன்று விழுவதற்கும் ஆறு விழுவதற்கும் ஒரே வாய்ப்பு, அதனால் மாவீரன் ஒருவன் ஒரு சொத்தை வீரனிடம் அநியாயமாகச் செத்துப் போவது சகஜம். தாயக்கட்டையில் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகம், இரண்டு கட்டை. கூட்டி ஒன்று வந்தால் தாயம், இரண்டிலும் பூஜ்யம் விழுந்தால் பன்னிரண்டு. மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் மூன்று விழ நான்கு வழி, இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழி, தாயத்துக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு வழி, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொரு வழிதான். ஆகவே பெரும்பாலும் நடுத்தரமான எண்கள் விழுந்துகொண்டே இருக்கும், படையின் பலமே சண்டையை முடிவு செய்யும், எப்போதாவது ஒரு பன்னிரண்டு வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போடும். விதி எழுதுகிறவர்கள் இந்த மாதிரி ஒரு பரவல் வேண்டும் என்பதற்காகவே இரண்டு மூன்று பகடைகளைச் சேர்த்து உருட்ட வைப்பார்கள். நம் வீட்டுப் பித்தளைக் கட்டையில் அது ஏற்கெனவே இருக்கிறது, தாயம் ஆடிய எந்தப் பாட்டிக்கும் கைப்பழக்கமாகத் தெரியும்.

உங்கள் முறை வந்ததும் கட்டையை உருட்ட வேண்டும். விழுந்த எண் எவ்வளவோ அத்தனை காய்களை நகர்த்தலாம். பன்னிரண்டு விழுந்தால் எல்லாமே நகரலாம். தாயம் விழுந்தால் ஒரு காய்தான் நகரும், ஆனால் வெளியே காத்திருக்கும் உங்கள் பெரிய காய் களத்தில் இறங்கலாம், தாயம் போட்டால்தான் காய் இறங்கும் என்ற பழைய விதிதான். தூரத்தை அளக்கத் தாயக்கட்டையின் நீளமே அளவு. ஆனால் உருட்டிய கட்டையையே எடுத்து அளந்தால் என்ன எண் விழுந்தது என்ற சண்டை வரும், அதனால் அதே நீளத்துக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சிகளை வெட்டி, முனையில் சிவப்பு மை தடவி வைத்திருக்கிறான். ஈர்க்குச்சி வளையும் என்பதால் மலையைச் சுற்றிப் போகிற தூரத்தையும் அளக்க முடிகிறது.

சண்டையில் இரண்டு பேரும் உருட்டி, காயின் பலத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தோற்ற காய் ஒரு கட்டை தூரம் பின்வாங்கும். ஒருவர் எண் மற்றவர் எண்ணைப் போல இரண்டு மடங்கு ஆனால் வெட்டு. பன்னிரண்டு விழுந்தால் எதிரில் யார் இருந்தாலும் வெட்டு. மலையில் நிற்கும் காயை வெட்ட முடியாது, கீழே தள்ளத்தான் முடியும். எதிரியின் விளிம்பைத் தாண்டி வெளியேறிய காய் பழம். தாயம் தெரிந்த எவருக்கும் இதை விளக்கப் பத்து நிமிடம் ஆகாது. ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள், மூன்றாவது முறையிலேயே எனக்கு முன்னால் கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

ஆட்டத்தைச் சொல்கிறேன். நான் கறுப்பு, கூளிப்படை, அதாவது பேய்ப்படை. ஐந்து கூளி, ஒரு முனி, ஒரு வேதாளம், ஒரு சூனியக்காரக் கிழவி, வெளியே காத்திருக்க ஒரு பூதம். தம்பி வெள்ளை, கோட்டைப்படை. இரண்டு யாளி, மூன்று வாள் வீரர், இரண்டு வில் வீரர், தலைவன், வெளியே ஒரு யானை. நடுவில் சிவப்புக் காய் மேல் கொல்லிப்பாவை. பார்த்தவரைச் சிரித்தே கொல்லும் என்பார்களே, அந்தப் பாவை. அந்தச் சிரிப்பைப் புட்டியில் எப்படிக் கொண்டுவந்தான் என்று தெரியவில்லை, அவ்வளவு சின்ன முகத்தில் உதடு மட்டும் ஒரு பக்கமாக ஏறியிருக்கிறது.

கூளிகளின் பலம் ஒன்றுதான், தனியாக நின்றால் ஊதித் தள்ளிவிடலாம். ஆனால் அவற்றுக்கு ஒரு விதி இருக்கிறது, இந்த நாலு பக்கத்தில் மிகச் சிறந்த விதி அது. பரணி இலக்கியத்தில் போர் முடிந்த களத்தில் பேய்கள் பிணங்களை வைத்துக் கூழ் காய்ச்சிக் குடிக்கும் அல்லவா, அதை எடுத்திருக்கிறான். ஒரு கூளிக்கு இரண்டு கட்டை தூரத்துக்குள் யார் வெட்டப்பட்டாலும் அந்தக் கூளிக்கு ஒரு பலம் கூடும், மூன்று வரை. அடையாளத்துக்குக் காயின் மேல் ஒரு புளியங்கொட்டை. இதனால் போர் சூடு பிடிக்கப் பிடிக்கக் கூளிகள் வளர்கின்றன. முதல் நாலு முறை தம்பி என்னைத் துரத்தினான், யாளிகள் வந்த வேகத்தில் முனி பின்வாங்கிக்கொண்டே போனார், ஒரு கூளி போய்விட்டது. ஐந்தாவது முறைக்கு மேல் மிச்சக் கூளிகளின் தலைமாட்டில் புளியங்கொட்டை சேர ஆரம்பித்ததும் தம்பி சிரிப்பதை நிறுத்திவிட்டான். ஏழாவது முறையில் மூன்று பலமுள்ள மூன்று கூளிகள் ஒரு யாளியைச் சூழ்ந்து வெட்டின. வெட்டுப்பட்ட யாளியைக் களத்திலிருந்து எடுக்கும்போது தம்பி அதைத் துணியால் துடைத்துத்தான் பெட்டியில் வைத்தான்.

வேதாளத்துக்கும் ஒரு தனி விதி. அது எதிரித் தலைவன் மேல் பறந்துபோய் உட்கார்ந்தால், உட்கார வைத்தவர் ஒரு விடுகதை போட வேண்டும். முப்பது எண்ணுவதற்குள் பதில் வரவில்லை என்றால் தலைவன் அந்த முறை நகரவே முடியாது. பதில் வந்தால் வேதாளம் திரும்ப மரத்துக்கு. விடுகதையை நான் மகளிடம் விட்டுவிட்டேன். அவள் "அடிக்காமல் திட்டாமல் கண்ணீர் வரவழைப்பாள், அவள் யார்?" என்றாள். "வெங்காயம்" என்று அவள் வாய் மூடுவதற்குள் தம்பி சொல்லிவிட்டான். அடுத்த முறை அவள் கீழே ஓடிப்போய்ச் சித்தியிடம் ஒரு விடுகதை கேட்டுக்கொண்டு வந்தாள். அதற்குத் தம்பியால் பதில் சொல்ல முடியவில்லை, தன் அம்மா போட்ட விடுகதையில் தானே மாட்டிக்கொண்டான். வேடிக்கையான விதி, வீட்டில் இருக்கிற எல்லோரையும் ஆட்டத்துக்குள் இழுக்கிறது. ஆனால் ஒரே ஆளோடு நாலு ஆட்டம் ஆடினால் விடுகதைகள் தீர்ந்துவிடும், அப்போது வேதாளம் வெறும் பறக்கும் காயாகிவிடும். இதற்கு மாற்று ஏதாவது எழுதி வைக்க வேண்டும்.

இனி எது சரியில்லை என்று சொல்ல வேண்டும்.

முதலாவதும் பெரியதும் அந்தத் தாயம். என் பூதம் முதல் எட்டு முறையும் பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தது. இரண்டு படையிலும் மிக அழகான பொம்மை அதுதான், தொப்பையும் கோரைப்பல்லும் கையில் தண்டமுமாக, மூன்று வாரம் செய்தானாம். தம்பிக்கு இரண்டாவது முறையே தாயம் விழுந்து யானை இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு எறிதலில் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. ஆளுக்குப் பன்னிரண்டு முறை கொண்ட ஆட்டத்தில் ஒருவருக்குத் தாயமே விழாமல் போக ஏறக்குறைய 20 சதவீத வாய்ப்பு இருக்கிறது, அதாவது ஐந்து ஆட்டத்தில் ஒன்றில் உங்கள் பூதம் வெளிச்சத்தையே பார்க்காது. நிஜத் தாயத்தில் இது பரவாயில்லை, சாயங்காலம் முழுக்க ஆடலாம், இறங்க முடியாமல் தவிப்பதே அங்கே சுவாரசியம். இங்கே முறைக்கு எல்லை இருக்கிறது. ஆறாவது முறைக்குப் பிறகு ஐந்து விழுந்தாலும் இறங்கலாம் என்று வைத்தால் வாய்ப்பு நான்கில் ஒன்றாகிவிடும், அது போதும். தம்பியிடம் சொன்னேன், எழுதிக்கொண்டான்.

இரண்டாவது, கூழ் விதியிலேயே ஒரு ஓட்டை. என் கூளி செத்தாலும் பக்கத்துக் கூளிக்குப் பலம் கூடுகிறது. அதைப் புரிந்துகொண்டதும் நான் வேண்டுமென்றே ஒரு கூளியை யாளிக்கு முன்னால் தள்ளினேன். அது செத்தது, மற்ற மூன்றும் ஒரே அடியில் வளர்ந்தன. ஆட்டத்துக்கு அது நல்லதல்ல, யார் கூளிப்படையை எடுத்தாலும் அதையே செய்வார்கள். எதிரி செத்தால் மட்டும் என்று மாற்றிவிடலாமா என்று தம்பி கேட்டான். மகள் சட்டென்று, "செத்தது எந்தப் படைன்னு பேய் பாக்குமா சித்தப்பா?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. விதியின் அழகே பேய்க்குப் பக்கம் கிடையாது என்பதில்தான் இருக்கிறது. கடைசியில், சொந்தக் கூளியின் சாவு ஆட்டத்துக்கு ஒரு முறைதான் கணக்கு என்று பேசி முடித்தோம். அது சரிப்படுகிறதா என்று இன்னும் ஆடிப் பார்க்கவில்லை.

மூன்றாவது, பொம்மை விழுகிறது. கேரம் காய் ஐந்து கிராம்தான் இருக்கும், அதன் மேல் பிளாஸ்டிக்கும் புட்டியுமாக யாளி முன்னங்காலைத் தூக்கி நின்றால் கை பட்டதும் சாய்கிறது. ஒரு யாளியின் தந்தம் ஆட்டத்தின் நடுவில் ஒடிந்தது, நான் காபி டம்ளரை எடுக்கும்போது என் முழங்கை பட்டு. காய்க்கும் பொம்மைக்கும் நடுவில் ஒரு இரும்பு வாஷர் ஒட்டினால் போதும். ஈட்டிகளுக்கு ஈர்க்குச்சி வேண்டாம், இரண்டு ஈட்டி ஒடிந்துவிட்டது. அதே கட்டுக்கம்பியின் நுனியைத் தட்டிச் சப்பையாக்கிச் செய்தவை வளைந்தன, ஒடியவில்லை.

விதித்தாளில் எழுதாமல் விட்டவையும் சில உண்டு. சுனைக்குள் போன காய் எந்தச் சுனையிலும் வெளியே வரலாமா, எதிரே உள்ளதில் மட்டுமா? வில் வீரன் தன் ஆள் தலைக்கு மேல் எய்யலாமா? ஒவ்வொன்றுக்கும் ஆட்டத்தை நிறுத்திப் பேச வேண்டியிருந்தது, அதில் மட்டும் அரை மணி போயிருக்கும். தம்பிக்கு எல்லாம் மனதில் தெளிவாக இருக்கிறது, அதனால் எழுதவில்லை. அவன் இல்லாத ஒரு வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து இந்த நாலு பக்கத்தை மட்டும் வைத்து ஆடினால் சண்டை வரும். அவன் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வேறு இரண்டு பேரை ஒரு முழு ஆட்டம் ஆடவிட்டு, அவர்கள் எங்கெல்லாம் நின்று யோசிக்கிறார்களோ அங்கெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

முடிவைச் சொல்லவில்லையே. பாவையை எடுத்தவருக்கு மூன்று புள்ளி, ஆனால் கேரத்தில் ரெட் எடுத்தால் ஃபாலோ போட வேண்டும் அல்லவா, இங்கும் அப்படியே: பாவையைத் தொட்ட பின் அடுத்த முறையே ஒரு எதிரியை வெட்ட வேண்டும், இல்லையென்றால் பாவை நடுவுக்குத் திரும்பிப் போய்விடும். பதினோராவது முறையில் என் கூளி ஒன்று பாவையைத் தொட்டது. நான்கு, ஆறு என்று புள்ளி நின்றது, தம்பி முன்னால். ஃபாலோ விழுந்தால் எனக்கு வெட்டுக்கு ஒன்றும் பாவைக்கு மூன்றும் சேரும், ஜெயித்துவிடலாம். இரண்டு புளியங்கொட்டை சேர்த்து மூன்று பலம் ஆகியிருந்த கூளியைக் கும்பகர்ணன் காலடியில் நின்ற வில் வீரன் மேல் ஏவினேன். வில் வீரனுக்கு ஒரே பலம். மகள் கட்டையை இரண்டு கையாலும் தேய்த்து எனக்காக உருட்டினாள்.

தாயம் விழுந்தது. எட்டு முறை காத்திருந்தபோது வராத தாயம். ஒன்றும் மூன்றும் நான்கு. தம்பிக்கு ஐந்து விழுந்து மொத்தம் ஆறு ஆனது. கூளி பின்வாங்கியது, பாவை நடுவுக்குப் போனாள், அந்தச் சிரிப்போடு. ஆறுக்கு நான்கு என்று தம்பி ஜெயித்தான். அறையில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை, பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். மகள் கும்பகர்ணனைக் காட்டி, "இவ்ளோ சத்தத்துக்கும் இவர் எந்திரிக்கவே மாட்டாரா?" என்று கேட்டாள். தம்பி பேனாவை எடுத்து ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் ஏதோ எழுத ஆரம்பித்தான்.

செலவு என்று பார்த்தால் புட்டி, சின்னப் பாட்டில் அக்ரிலிக் வண்ணங்கள், பளபளப்பில்லாத வார்னிஷ், பிளாஸ்டிக் மிருகங்கள், கும்பகர்ணன் எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய்க்குள் முடித்திருக்கிறான். கேரம் போர்டும் தாயக்கட்டையும் வீட்டிலேயே இருந்தவை. நேரம்தான் பெரிய செலவு, மூன்று மாத ஞாயிறுகள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு தாராளமாக ஆடலாம், அதற்குக் கீழே என்றால் கம்பி ஈட்டிகள் இருப்பதால் கூடவே உட்கார வேண்டும். நிதானமான ஆட்டம் பிடிக்காதவர்களுக்கு முதல் நாலு முறை சலிக்கும், கூளிகள் வளரும் வரை பொறுக்க வேண்டும். இப்போது இருக்கிற நிலையில் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்தத் தாயத்தையும் கூழையும் சரிசெய்து, விதித்தாளை முழுமையாக்கினால் நாலரைக்குத் தயங்க மாட்டேன்.

எனக்கும் ஒரு செட் செய்து கொடு என்று கேட்டேன். "உங்க வீட்டுப் பழைய காயெல்லாம் கொண்டாங்கண்ணே, பத்தொம்போதும் வேணும்" என்றான். பரணிலிருந்து டப்பாவை இறக்கி எண்ணிவிட்டேன். வெள்ளை ஒன்பது இருக்கிறது, கறுப்பு எட்டு, சிவப்பைக் காணோம். மகள் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கிறாள்.